ஆறு பீரங்கிகளும் ஓர் இரவும்

அன்புள்ள மாப்பிள்ளை,

விடியக்காலையில் திருத்தங்கல் ரோட்டில் ஓடுகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். பாரா கமாண்டோ ஆக வேண்டும் என்கிறாயாம். சந்தோஷம். சினிமாவில் பார்த்த கமாண்டோவை மனதில் வைத்து ஓடுகிறாயோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

1965 போரில் மேஜர் மேக் சிங், தாமாக முன்வந்த வீரர்களைச் சேர்த்து, எதிரி எல்லைக்குள் புகுந்து அடித்துத் திரும்பும் சிறு படையை நடத்தினார். 'மேகதூத்' என்று பெயர். அதன் வழியில் 1966-ல் பிறந்ததுதான் 9 பாரா கமாண்டோ.

1971 டிசம்பர் போரில் மண்டோல் கிராமத்திலிருந்து பாகிஸ்தானின் 122 மி.மீ. பீரங்கிகள் நம் பூஞ்ச் நிலைகள் மீது குண்டு பொழிந்துகொண்டிருந்தன. 13-ஆம் தேதி இரவு மேஜர் மல்ஹோத்ரா தலைமையில் 9 பாரா வீரர்கள் பூஞ்ச் ஆற்றில் இறங்கினார்கள். நம் வைப்பாறு மாதிரி மணலாகக் கிடக்கும் ஆறு அல்ல அது. டிசம்பர் குளிரில் மலைத் தண்ணீர். நனைந்த உடுப்போடு மேடேறி, காவலுக்கு நின்றவர்களோடு சண்டையிட்டு, ஆறு பீரங்கிகளையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடத்தைப் பிடித்து உட்காரவில்லை. வந்த வேலை முடிந்ததும் திரும்பினார்கள். திரும்பி வருவதையும் முன்கூட்டியே திட்டமிடுவதுதான் இந்தப் படையின் கலை.

இந்தக் கட்டுப்பாடு வேறு ஊர்ப் பிள்ளைகளைவிட உனக்குச் சீக்கிரம் புரியும். உன் தாத்தா பட்டாசு ஆலையின் மருந்து அறையில் வேலை பார்த்தவர். இரும்புச் சாமானை உள்ளே விடமாட்டார். ஒரு ஆள் கூடினாலும் வெளியே அனுப்பிவிடுவார். வெயில் ஏறுமுன் கலவையை முடிப்பார். 2012-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் போன உயிர்களை நம் பக்கம் இன்னும் மறக்கவில்லை. மருந்தோடு பழகுகிறவனுக்குத் துணிச்சலைவிட நிதானம்தான் முதலில் வேண்டும். எதிரி நிலையில், இருட்டில், வெடிக்குத் திரி பொருத்துகிற கமாண்டோவுக்கும் அதுவேதான்.

நேராகப் போய்ச் சேருகிற படை அல்ல இது. ராணுவத்தில் சேர்ந்து, விருப்பம் தெரிவித்துவிட்டு, சுமார் மூன்று மாதம் தூக்கமும் சோறும் குறைந்த சோதனையில் நிற்க வேண்டும். பெரும்பாலோர் தேறாமல் திரும்பிவிடுவார்கள். அதில் அவமானம் ஏதுமில்லை. தேறியவருக்கு 'பலிதான்' சின்னம். சிறு குழுவில் ஒருவர் வெடி, ஒருவர் வயர்லெஸ், ஒருவர் முதலுதவி பார்ப்பார். அடுத்தவர் வேலையும் ஓரளவு கைவர வேண்டும். கணக்குப் பாடத்தை நீ வெறுக்கிறாய் என்று கேள்வி. மேப் பார்த்து நடக்கவும் வெடியின் அளவைத் தீர்மானிக்கவும் அதுதான் துணை.

அக்காவுக்குப் பயம் தீரவில்லை. இந்த வாரமே அவளிடம் நீயே உட்கார்ந்து பேசு.

உன் தாய்மாமன்