எந்த வார்த்தைக்குக் காசு கொடுப்பது?



மேல்மலையில் நம் குழு ஒன்று, பூண்டு விற்க கூகுளில் விளம்பரம் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டு, சேமிப்பிலிருந்து 3,000 ரூபாய் எடுத்தது. கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தது நான்தான். 'கொடைக்கானல்', 'பூண்டு' என்று இரண்டு வார்த்தைகளைப் போட்டேன். ஆறே நாளில் பணம் தீர்ந்தது. வந்த ஆர்டர் இரண்டு. "கிளிக் ஆகுதுன்னு காட்டுது, போனே வரலையே மேடம்" என்று ஊக்குநர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அந்தத் தப்பைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

கூகுளில் எதையாவது தேடினால் சில நேரம் மேலேயே விளம்பரம் வரும், பார்த்திருப்பீர்கள். இது 2000-ல் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2018-ல் கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாறியது. எந்த வார்த்தையைத் தேடினால் நம் விளம்பரம் வரவேண்டும் என்று நாம் எழுதிக் கொடுப்பதுதான் கீவேர்டு. விளம்பரம் கண்ணில் பட்டால் காசில்லை, தொட்டு உள்ளே வந்தால்தான் காசு. வந்தவர் வாங்க வந்தாரா, சும்மா பார்க்க வந்தாரா என்பது கூகுளுக்குக் கவலையில்லை.

ஒரு கிளிக் 6 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பேர் வந்தால் 600 ரூபாய். அதில் 2 பேர் வாங்கினால் ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு மட்டும் 300. கூரியர் போக நமக்கு நிற்பது 120 என்றால், விற்க விற்க நஷ்டம்! அதே 100 பேரில் 10 பேர் வாங்கினால் ஓர் ஆர்டருக்குச் செலவு 60தான். எப்படிப்பட்ட ஆள் உள்ளே வருகிறார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது நாம் போடும் வார்த்தை.

வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போனால், அங்கே வருகிறவர்கள் பூண்டுக்காகவே வருகிறவர்கள். கூகுள் பஸ் ஸ்டாண்டு மாதிரி. 'கொடைக்கானல்' என்று தேடுகிறவருக்கு ரூம் வேண்டும், பஸ் நேரம் வேண்டும், 2024 மே மாதம் இ-பாஸ் வந்த பிறகு அதுவும் வேண்டும். 'பூண்டு' என்று தேடுகிறவர் குழம்பு வைக்கப் பார்க்கிறார், இல்லை என்றால் கொலஸ்ட்ரால் குறையுமா என்று பார்க்கிறார்.

சரி, இரண்டையும் சேர்த்து 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்று போட்டால்? நல்லதுதான், ஆனால் அதிலும் ஒரு சிக்கல். நம் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது எந்த வருடம் என்று டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் தேடுகிறார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை. கணக்கில் 'தேடிய சொற்கள்' பட்டியல் ஒன்று உண்டு. யார் எதை டைப் செய்து உள்ளே வந்தார்கள் என்று பெரும்பாலும் அதில் தெரியும். அதைத் திறந்த பிறகுதான் புரிந்தது. வாரம் ஒருமுறை, சந்தா எழுதுகிற நாளிலாவது, அதைப் பாருங்கள்.

வாங்க வருகிறவர் பேச்சே வேறு. 'மலைப்பூண்டு 1 கிலோ விலை', 'மலைப்பூண்டு ஆன்லைனில் வாங்க', 'ஹோம் டெலிவரி' என்று கேட்பார். 'இன்றைய பூண்டு விலை' என்று தேடுகிறவர் அநேகமாக வியாபாரி, இல்லை நம்மைப் போல விவசாயி. 'விலை' என்ற ஒரே வார்த்தைதான், ஆள் வேறு. எழுத்தும் ஒன்றுபோல இருக்காது. சேர்த்து, பிரித்து, ஆங்கில எழுத்தில், 'ஹில் கார்லிக்' என்றெல்லாம் தேடுகிறார்கள். கூகுள் ஆட்ஸிலேயே கீவேர்டு பிளானர் என்று இலவசமாக இருக்கிறது. ஒரு வார்த்தையை மாதம் சுமார் எத்தனை பேர் தேடுகிறார்கள், கிளிக்குக்கு ஏறக்குறைய என்ன கேட்கும் என்று காட்டும்.

வேண்டாத வார்த்தைகளையும் தனியாக எழுதிக் கொடுக்கலாம். அவை இருந்தால் நம் விளம்பரம் வராது. ரூம், இ-பாஸ், ரெசிபி, புவிசார் குறியீடு, இன்றைய விலை எல்லாம் அதில் போகட்டும். ஒன்று கவனியுங்கள்: 'பயன்' என்று போட்டால் 'நன்மை' தானாக நிற்காது. இரண்டையும் எழுத வேண்டும்.

நான் செய்த இன்னொரு தப்பு, வார்த்தையை அப்படியே விட்டது. அப்படி விட்டால் 'பரந்த பொருத்தம்' என்று எடுத்துக்கொண்டு, சம்பந்தம் இருப்பதாகக் கூகுளே நினைக்கிற தேடல்களுக்கும் காட்டும். இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தப் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும். சதுர அடைப்புக்குள் போட்டால் இன்னும் இறுக்கம், அதே அர்த்தமுள்ள தேடலுக்கு மட்டும். கையில் காசு குறைவாக இருக்கும்போது இந்த இரண்டும் போதும்.

கீழ்மலைக் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் 'காபித்தூள்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த ஏலத்தில் பெரிய கம்பெனிகள் நிற்கும். 'சிக்கரி கலக்காத காபித்தூள்' என்று தேடுகிறவர் கொஞ்சம் பேர்தான், ஆனால் என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தேடுகிறார்.

அந்த மேல்மலைக் குழுவில் மறுபடி பணம் எடுக்க எளிதில் சம்மதிக்கவில்லை. நியாயம்தான். கடைசியில் 500 ரூபாய்க்கு மட்டும் தீர்மானம் ஆகியிருக்கிறது. அதற்கு முன், போனில் பூண்டு கேட்கிற ஒவ்வொருவரும் முதலில் என்ன சொல்லிக் கேட்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள்.