மின்சாரக் காரும் இனாமும்

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற விடுமுறையில் பயிற்சிக்காக, டெக்னீஷியன் அண்ணன் ஒருவருடன் உத்திரமேரூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். மின்சாரக் காருக்கு வீட்டிலேயே சர்வீஸ்.

இந்த வண்டிக்கு என்ஜின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. அப்படியானால் வேலையே இல்லையா? உண்டு. டயர் காற்று, பிரேக் ஆயில், கூலண்ட், 12 வோல்ட் பேட்டரி, சார்ஜ் போடும் பிளக்கின் எர்த் எல்லாம் பார்க்க வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிளில் பல நூறு வோல்ட் இருக்கும். அதற்குரிய ரப்பர் கையுறை போட்டு, இணைப்பைத் துண்டித்து, கெபாசிட்டரில் தங்கிய மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்து, மீட்டரில் சோதித்த பிறகே கை வைக்கலாம்.

வேலை முடிந்ததும் வீட்டுப் பெரியவர், "கையில கரிகூட படல, அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்று சிரித்து 100 ரூபாய் நீட்டினார். அண்ணன், "சம்பளம் வருதுங்க ஐயா, மோர் இருந்தா குடுங்க" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. வழியில் கேட்டேன்.

"இங்க வாங்கிப் பழகினா, குடுக்காத வீட்ல எர்த் பார்க்க மனசு வருமாடா தம்பி?"

கணக்குக் காட்டாதவர் ஊர் வாரியத்துக்கு ஆகாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிய ஊர் இது. கட்டட வேலைக்குப் போகும் என் அப்பாவும் கூலியைத்தான் கேட்பார், இனாம் கேட்டதில்லை.

மனமுவந்து கொடுப்பது கொடுப்பவர் விருப்பம். நாம் கேட்கக் கூடாது. கொடுத்த வீட்டுக்கும் கொடுக்காத வீட்டுக்கும் வேலை ஒன்றாகவே இருக்க வேண்டும். நாளை நாமும் டூல்ஸ் பையோடு போகப் போகிறவர்கள்தானே!