ஐஸ்கிரீமை உறைய வைத்தது எது?

வகுப்பில் ஒரு நாள் உள்ளுறை வெப்பம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்கள் சோர்ந்திருந்தனர். எனவே ஒரு கதை சொன்னேன்.

இத்தாலி நாட்டு ஐஸ்கிரீமுக்கு ஜெலாட்டோ என்று பெயர். 'உறைந்தது' என்பதே அச்சொல்லின் பொருள். 1533-இல் ஃபிளாரன்ஸ் நகரத்துக் கேத்தரின் டி மெடிசி, தம் 14-ஆம் வயதில் பிரெஞ்சு அரசரின் மகன் ஹென்றியை மணந்தார். அவருடன் சென்ற சமையற்காரர்கள்தாம் ஐஸ்கிரீமைப் பிரான்சுக்குக் கொண்டு போனார்களாம்.

கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். "சார், அப்போது ஃபிரிட்ஜ் கிடையாதே! எப்படி உறைய வைத்தார்கள்?" என்றான். "பனியில் வைத்திருப்பார்கள்" என்றேன். மணி அடித்துவிட்டது. என் விடை தவறு என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

பனி மட்டும் போதாது

மலைப்பனியைக் குழிகளில் சேமித்துக் கோடையில் பயன்படுத்தும் வழக்கம் இத்தாலியில் இருந்தது உண்மையே. ஆனால் உருகும் பனியின் வெப்பநிலை 0° செ. சர்க்கரை கலந்த பாலோ 0 டிகிரிக்கும் கீழே, ஏறத்தாழ -2° அல்லது -3° செ. அளவில்தான் உறையத் தொடங்கும். ஆகவே உருகும் பனியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பால் குளிருமே தவிர உறையாது.

அப்படியானால் வழி என்ன? பனிக்கட்டியுடன் உப்பைச் சேர்க்க வேண்டும்.

0° செ. வெப்பநிலையில் பனிக்கட்டி நீராவதும் நீர் பனிக்கட்டியாவதும் சம வேகத்தில் நடைபெறுகின்றன. உப்பு கரைந்ததும், நீர் மீண்டும் உறைவது தடைப்படுகிறது. உருகுவது மட்டும் தொடர்கிறது. 1 கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி, அதாவது சுமார் 334 ஜூல் வெப்பம் தேவை. இவ்வெப்பம் எங்கிருந்து வரும்? கலவையிலிருந்தும், அதனுள் வைத்த பாத்திரத்திலிருந்தும்தான். அதனால் வெப்பநிலை இறங்குகிறது. 3 பங்கு பனிக்கட்டிக்கு 1 பங்கு உப்பு என்ற அளவில் கலந்தால் -21° செ. வரையிலும் இறங்கக்கூடும். இதற்கு உறைகலவை என்று பெயர்.

ஏடுகள் கூறுவது

இனி ஆண்டுகளைப் பார்ப்போம். 1550-இல் ரோம் நகர மருத்துவர் பிளாஸ் வில்லாஃபிராங்கா, வெடியுப்பை நீரில் கரைத்துத் திராட்சை மதுவைக் குளிர்விக்கும் முறையை எழுதினார். அது குளிர்வித்தல்தான், உறைய வைத்தல் அன்று. 1589-இல் நேப்பிள்சைச் சேர்ந்த ஜியாம்பாட்டிஸ்டா டெல்லா போர்ட்டா, பனியில் வெடியுப்பைத் தூவி மதுவை உறைய வைக்கும் முறையை வெளியிட்டார். மதுவில் சிறிது நீர் சேர்த்தால் விரைவில் உறையும் என்றும் குறித்தார். நீர் சேர்ந்தால் மதுவின் உறைநிலை உயரும் அல்லவா? 1690-களில் அதே நேப்பிள்சில் அன்டோனியோ லத்தீனி, பால் சேர்த்த உறைபண்டம் உட்படப் பல செய்முறைகளை அச்சிட்டார்.

கேத்தரினின் திருமணம் நடந்தது போர்ட்டாவின் நூலுக்கு 56 ஆண்டுகள் முன்பு! ஒரு முறை நூலில் இல்லை என்பதற்காக அது எவருக்கும் தெரியாது என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் சான்று தர வேண்டியவர் கதை சொல்பவரே. கேத்தரின் காலத்து ஆவணங்களில் அத்தகைய சான்று இல்லை. மார்க்கோ போலோ சீனாவிலிருந்து ஐஸ்கிரீம் கொண்டு வந்தார் என்னும் கதையும் இத்தகையதே. அவருடைய பயண நூலில் ஐஸ்கிரீம் பற்றிய பேச்சே இல்லை.

செய்து பாருங்கள்

சர்க்கரை கலந்த பாலை இரண்டு சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றை வெறும் பனிக்கட்டித் தூளிலும், மற்றொன்றை உப்புக் கலந்த பனிக்கட்டித் தூளிலும் வையுங்கள். அடிக்கடி கிளறிக்கொண்டே இருங்கள். கிளறினால் பனிப் படிகங்கள் பெரிதாக வளராமல் நுண்ணியவையாக அமையும். நாவில் மணல்போல் நறநறக்காது. உப்புக் கலவையை வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் புண்ணாகும்.

மறுநாள் வகுப்பில் இச்சோதனையைச் செய்து காட்டினேன். முதல் கிண்ணத்தில் பால், இரண்டாவதில் ஐஸ்கிரீம். கேள்வி கேட்ட மாணவனிடம், "நேற்று நான் சொன்னது தவறு" என்று கூறி இரண்டாவது கிண்ணத்தைக் கொடுத்தேன்.

'யார் கண்டுபிடித்தார்?' என்று கதைகள் சொல்லும். 'எப்படி?' என்று நீங்கள் கேளுங்கள்.