கோம்பை வண்டி நொண்டாமல் ஓட

நுங்கு குடித்த கோம்பையை வேலியோரம் வீசுமுன் ஒரே அளவில் இரண்டைப் பொறுக்கி வைத்தால், குச்சவெளிப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் விளையாட ஒரு வண்டி தயார்.

மூன்று கண்களும் சந்திக்கும் நடுவில்தான் அச்சுக் குச்சி இறங்க வேண்டும். விரலளவு தள்ளினாலும் சில்லு நொண்டும். குச்சியின் இரு முனையையும் பெரியவர் யாராவது சீவிக் கொடுக்கலாம். சில்லில் அது இறுக ஏறட்டும். தள்ளும் கவட்டைத் தடி மட்டும் அச்சின்மேல் தளர்வாக இருக்கவேண்டும். இரண்டையும் இறுக்கிவிட்டு, ஓடவில்லை என்று அழுவதுதான் வழமை!

கடற்கரை மணலில் புதையும். முற்றத்துக் கட்டாந்தரையே தோது. நாளாக ஆகக் கோம்பை வாடி, துளை இளகும். சில்லை மட்டும் மாற்றினால் போதும்.

பின்னாளில் மெக்கானோ என்று பெயர்பெற்ற பொம்மைக்கு லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹோர்ன்பி 1901இல் காப்புரிமை பெற்றார். துளையிட்ட தகடு, அச்சு, சில்லு என்று அதிலும் இதே கணக்குத்தான். அதற்குக் காசு வேண்டும்.