பொருத்தமான பொருள் தேடல்: மோட்டார் சைக்கிள் உறையும் பையும் தைக்கும் குழுக்களுக்கான பாடம்



காணியை விட்டு வந்த உழவன் கைத்தொழிலுக்குத் திரும்பும்போது முதலில் கேட்கும் கேள்வி, "இதை எங்களால் தைக்க முடியுமா?" என்பதே. ஒரு மாதப் பயிற்சியில் தைக்கப் பழகிவிடலாம். தைத்த பொருளுக்கு ஏற்ற துணி, நூல், வளையம், பட்டி ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்பதுதான் கடினம். தையல் நன்றாக இருந்தும், பொருந்தாத பொருளால் திரும்பி வரும் உறைகள் பல. அப்படித் திரும்பி வரும் ஒவ்வொரு உறையும் ஒரு குடும்பத்தின் முதலீட்டைத் தின்றுவிடுகிறது. எனவே இப்பாடத்தில் தையலைப் பற்றி அதிகம் பேசாமல், பொருள் தேடுவதைப் பற்றிப் பேசுவோம். காண்போம், ஆராய்வோம், செயற்படுவோம் என்ற எமது வழமையான முறையையே இங்கும் பின்பற்றுவோம்.

1. காண்போம்

வந்தாறுமூலையை ஊடறுத்துச் செல்லும் மட்டக்களப்பு - திருகோணமலை வீதியில் காலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பால் கொண்டு செல்பவர், வாவி மீனைப் பெட்டியில் கட்டிச் செல்பவர், மருந்தடிக்கும் தாங்கியோடு வயலுக்குப் போகிறவர், 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவர் என்று எத்தனையோ பேர் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். செங்கலடிச் சந்தியில் பதுளை வீதியால் வருவோரும் இவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். பெரும்பாலோரின் வண்டியில் இருக்கை கிழிந்திருக்கும், அல்லது சாமான் கட்ட வழியின்றி கயிறு தொங்கும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் எமது நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இந்த ஐந்து வருடங்களில் மக்கள் பழைய வண்டியையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். பழைய வண்டிக்கு இருக்கை உறை வேண்டும், பக்கப் பை வேண்டும், எண்ணெய்த் தாங்கிக்கு உறை வேண்டும். இவற்றை ஊரிலேயே தைத்துக் கொடுக்கலாம். 1990இலும் 2006-2007இலும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிய குடும்பங்களுக்கு, காணி இல்லாமலும் செய்யக்கூடிய தொழில் இது.

2. ஆராய்வோம்: பொருத்தம் என்பது என்ன?

பொருத்தம் என்றதும் நாம் நிறத்தை மட்டும் நினைக்கிறோம். உண்மையில் பொருத்தம் மூன்று வகைப்படும். முதலாவது நிறப் பொருத்தம். இரண்டாவது குணப் பொருத்தம். அதாவது, சேர்த்துத் தைக்கும் பொருள்கள் வெயிலையும் மழையையும் ஒன்றாகத் தாங்க வேண்டும். மூன்றாவது அளவுப் பொருத்தம். தேவைப்படும் அளவு ஒரே தடவையில், ஒரே சுருளில் கிடைக்க வேண்டும்.

அ) நிறப் பொருத்தம்

இருக்கை உறைக்கு நாம் வாங்கும் றெக்சின், துணியின் மேல் பி.வி.சி. பூசிச் செய்யப்படுவது. ஒரே கடையில், ஒரே பெயரில் விற்கும் கறுப்பு றெக்சினும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் சிறிது மாறும். இது உழவருக்குப் புதிய விடயம் அல்ல. மூன்று மாத நெல்லையும் மூன்றரை மாத நெல்லையும் கலந்து விதைத்தால் வேளாண்மை ஒரே நாளில் முற்றுமா? விதைநெல்லில் கலப்பு இல்லாமல் பார்ப்பது போலவே, றெக்சினிலும் தொகுதி கலக்காமல் பார்க்க வேண்டும். ஒரு உறையின் எல்லாத் துண்டுகளும் ஒரே சுருளிலிருந்து வெட்டப்பட வேண்டும்.

கடைக்குள் மின்குமிழ் வெளிச்சத்தில் நிறம் பார்க்காதீர்கள். இரு வேறு சாயங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து, இன்னொரு வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். துண்டை வாசலுக்குக் கொண்டு வந்து, பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத நிழலில் வைத்துப் பாருங்கள். நிறத்தோடு மினுக்கத்தையும் மேற்பரப்பின் வரியையும் பாருங்கள். ஒரே கறுப்பாக இருந்தும் ஒன்று மினுங்கி மற்றது மங்கி இருந்தால், வாடிக்கையாளரின் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

பழைய இருக்கையின் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதானால், மேற்புறத்தை மாதிரியாகக் கொள்ள வேண்டாம். அது வெயிலில் வெளிறியிருக்கும். இருக்கையைக் கழற்றி, அடித்தட்டுக்குள் மடித்திருக்கும் ஓரத்தைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம் அங்கே இருக்கும். பிறகு வாடிக்கையாளரிடம் இரண்டையும் காட்டி, எதற்குப் பொருத்த வேண்டும் என்று கேளுங்கள்.

வண்டியின் சிவப்பையோ நீலத்தையோ துணியில் அப்படியே பிடிக்க முயல்வது வீண் அலைச்சல். கிட்டத்தட்ட ஒத்த நிறம் பிழை போலத் தெரியும். தெளிவாக வேறுபட்ட நிறம் அலங்காரமாகத் தெரியும். பெரிய பகுதிகளைக் கறுப்பில் தைத்து, ஓரத்தில் மட்டும் வண்டியின் நிறத்தை ஒத்த பைப்பிங் வைத்தால் வேலை இலகு, வீணாகும் துணியும் குறைவு.

ஆ) குணப் பொருத்தம்

பழைய உடையில் சுருங்காத புதுத்துணியை ஒட்டுப் போடுவது பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை மாற்கு நற்செய்தி 2ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். புதுத்துணி நனைந்து சுருங்கும்போது பழையதை இழுத்துக் கிழித்துவிடும் என்பது அதன் கருத்து. அக்கால மக்கள் தையல் அறிந்தவர்கள். அதனால் உவமை அவர்களுக்கு உடனே விளங்கியது. எமது பக்கப் பைகளிலும் இதுவே நடக்கிறது. பருத்திக் கன்வஸ் நனைந்தால் சுருங்கும்; றெக்சின் சுருங்காது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் மாரி மழையிலேயே பை கோணிவிடும். ஆகவே கன்வஸை வெட்டுவதற்கு முன் ஒரு இரவு நீரில் ஊற வைத்து, நிழலில் உலர்த்திக்கொள்ள வேண்டும்.

நூல்: பருத்தி நூல் ஈரத்தில் உக்கிவிடும். நைலோன் நூல் பலமானது, ஆனால் வெயிலில் விரைவில் நலியும். வெளியில் நிற்கும் வண்டிக்குப் பொலியஸ்ரர் நூலே ஏற்றது. கடைக்காரர் சொல்வதில் சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டை வெளியில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, கடதாசி போல மணந்து சாம்பலாகும். செயற்கை நூல் உருகி, நுனியில் கட்டியான மணி போலத் திரளும். றெக்சினை மட்டும் இப்படிக் கொளுத்திப் பார்க்க வேண்டாம், பி.வி.சி. புகை நச்சானது.

ஊசியும் தையலும்: 16 அல்லது 18ஆம் இலக்க ஊசி வேண்டும். தையல் 3 முதல் 4 மில்லிமீற்றர் நீளமாக இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்கிறோம்; றெக்சினில் அது முத்திரைத்தாளின் ஓட்டை வரிசை போலாகி, அவ்வரிசையிலேயே கிழியும். குண்டூசி குத்தினால் ஓட்டை மறையாது. உடுப்பு உலர்த்தும் கவ்விகளால் பிடித்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் பாதம் றெக்சினில் ஒட்டி இழுத்தால், மேலே மெல்லிய கடதாசியை வைத்துத் தைத்து, பின்னர் கிழித்து எடுத்துவிடலாம்.

உலோகம்: வாவியும் கடலும் சூழ்ந்த எமது பகுதியின் உப்புக் காற்று இரும்பை விடாது. பித்தளை நிறத்தில் மினுங்கும் கண்வளையங்களும் பக்கிள்களும் பல வேளை பூச்சுப் போட்ட இரும்பாகவே இருக்கும். சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்துடன் கடைக்குச் செல்லுங்கள். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. உண்மைப் பித்தளையில் காந்தம் ஒட்டாது. சிப் வாங்கும்போது உலோகப் பல் உள்ளதைத் தவிர்த்து நைலோன் பல் உள்ளதை வாங்குங்கள்.

ஸ்பொஞ்: தையல் ஓட்டைகளால் மழைநீர் இறங்கும். ஸ்பொஞ் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, இருப்பவரின் உடுப்பை நனைக்கும். ஸ்பொஞ்சுக்கும் உறைக்கும் நடுவில் ஒரு பொலித்தீன் தாள் போடுங்கள். செலவு சிறிது, வாடிக்கையாளரின் திருப்தி பெரிது.

எண்ணெய்த் தாங்கி உறை: பி.வி.சி.யை மென்மையாக வைத்திருப்பது அதில் கலந்துள்ள எண்ணெய்த் தன்மையான பொருள். பெற்றோல் பட்டால் அது கரைந்து வெளியேறி, றெக்சின் விறைத்து வெடிக்கும். மூடியைச் சுற்றி அகலமாக வெட்டிவிடுங்கள். உட்புறத்தில் மெல்லிய துணி வையுங்கள். இல்லாவிட்டால் மணல் சிக்கி வண்டியின் வர்ணத்தைச் சுரண்டும்.

கையிலுள்ள பொருள்கள்: முகாமில் கிடைத்த தறப்பாள் பலரிடம் இருக்கிறது. அது வெயிலில் நார் நாராக உதிரும் தன்மையுடையது. வெளிப்புறத்துக்கு வேண்டாம், பையின் உள்மடிப்புக்கு நல்லது. பழைய லொறி ரியூப் சாமான் கட்டும் பட்டிக்குச் சிறந்தது. காத்தான்குடி, மருதமுனைக் கைத்தறித் துணிகளைப் பையின் உட்புறத்துக்கு அழகாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஈர வெள்ளைத் துணியால் முதலில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் உள்ளே வைக்கும் கொப்பி, சட்டை எல்லாம் கறைபடும்.

இ) அளவுப் பொருத்தம்

சீமெந்துப் பையின் கடதாசியில் மாதிரி வெட்டி, ஒவ்வொரு வண்டி வகைக்கும் பெயர் எழுதிச் சுவரில் தொங்கவிடுங்கள். பின் இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள்.

பொதுவாகக் கிடைக்கும் றெக்சின் 54 அங்குல அகலம். தையல் விளிம்பையும் சேர்த்து, ஒரு இருக்கையின் மேல்துண்டு 28 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும், இரு பக்கத்துண்டுகள் ஒவ்வொன்றும் 28 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் என வைத்துக்கொள்வோம். ஒரு இருக்கைக்கு அகலத்தில் 14 + 8 + 8 = 30 அங்குலம் போகும். மிச்சம் 24 அங்குலம் இன்னொரு இருக்கைக்குப் போதாது. எனவே மூன்று பேர் தனித்தனியே வாங்கினால் 28 x 3 = 84 அங்குல நீளம் வேண்டும்.

மூவரும் சேர்ந்து வாங்கினால்? முதல் வரிசையில் மூன்று மேல்துண்டும் ஒரு பக்கத்துண்டும்: 42 + 8 = 50 அங்குலம். இரண்டாம் வரிசையில் ஐந்து பக்கத்துண்டு: 40 அங்குலம். இரண்டு வரிசைக்கும் 56 அங்குல நீளம் போதும். 28 அங்குலம் மிச்சம். அதாவது மூன்றில் ஒரு பங்கு. மூன்று உறையும் ஒரே சுருளிலிருந்து வருவதால் நிறமும் மாறாது. இரண்டாம் வரிசையில் மீந்த 14 அங்குலத் துண்டில் ஆவணப் பை ஒன்றும் தைக்கலாம். எல்லாத் துண்டின் நீளமும் சுருளின் நீளப் பக்கமாகவே வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். றெக்சின் ஒரு பக்கம் கூடுதலாக இழுபடும்; திசை மாறினால் இருக்கை சுருக்கம் விழும்.

3. செயற்படுவோம்: சேர்ந்து வாங்குதல்

சிறு தேவைகளுக்குச் செங்கலடி, ஏறாவூர், மட்டக்களப்புக் கடைகள் போதும். சுருளாக வாங்குவதென்றால் கொழும்புக்குப் போக வேண்டிவரும். துணி, நூல், சிப் போன்றவற்றுக்குப் புறக்கோட்டை. வண்டி உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை. ஒரு குடும்பம் தனியாகப் போனால் போக்குவரத்துச் செலவிலேயே இலாபம் போய்விடும். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒருவரை அனுப்பினால், செலவு ஐந்தில் ஒரு பங்காகும்.

இது புதிய யோசனை அல்ல. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், அன்ரிகோனிஷ் நகரின் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் 1928இல் ஒரு விரிவாக்கத் துறையை ஆரம்பித்தது. அதை வழிநடத்திய அருட்தந்தை மோசஸ் கோடி, ஏழை மீனவரையும் உழவரையும் சிறு படிப்பு வட்டங்களாகக் கூட்டினார். அவர்கள் முதலில் தமது கணக்கைத் தாமே படித்தார்கள். பிறகு சேர்ந்து வாங்கவும் சேர்ந்து விற்கவும் தொடங்கினார்கள். படிக்காமல் சேர்ந்தவர்கள் பிரிந்துவிடுவார்கள் என்பது அங்கிருந்து நாம் கற்கும் பாடம்.

எமது குழுக்களுக்குச் சில நடைமுறைகள்:

- மாதிரி அட்டை ஒன்று வைத்திருங்கள். வாங்கும் ஒவ்வொரு றெக்சினிலும் நூலிலும் ஒரு சிறு துண்டை ஒட்டி, கடை, திகதி, விலை ஆகியவற்றை எழுதுங்கள். துண்டின் பாதியைக் கடதாசியால் மூடி வெயிலில் வையுங்கள்; ஒரு மாதத்தில் எது வெளிறுகிறது என்று அட்டையே சொல்லிவிடும்.
- வாங்கப் போகிறவர் அட்டையையும், காந்தத்தையும், அளவு நாடாவையும் கொண்டு போகட்டும். திரும்பியதும் பற்றுச்சீட்டை எல்லோர் முன்னும் வாசிக்கட்டும்.
- வார வட்டிக் கடனெடுத்துச் சுருள் வாங்காதீர்கள். உறை விற்க ஒரு மாதம் ஆகலாம். கடன்காரர் ஏழாம் நாளே வாசலில் நிற்பார். வாடிக்கையாளரின் முற்பணத்தில் துணி வாங்குவதே பாதுகாப்பானது.
- மாரி வேளாண்மை அறுவடையாகும் பெப்ரவரி, மார்ச்சில்தான் மக்கள் கையில் காசு புழங்கும். பொருளை அதற்கு முன்னரே சேர்த்து வையுங்கள்.

இறுதியாகப் பாதுகாப்பு. பக்கப் பை சைலன்சரில் முட்டக்கூடாது. அந்தச் சூட்டில் றெக்சின் உருகிவிடும். பட்டியின் நுனி சங்கிலியிலோ சில்லுக் கம்பியிலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நுனிகளை மடித்துத் தையுங்கள். சமிக்ஞை விளக்கையும் இலக்கத் தகட்டையும் மறைக்காதீர்கள். தொங்கவிட்டுப் பார்த்து, கையால் பின்சில்லைச் சுற்றிப் பார்த்த பின்னரே பையைக் கையளியுங்கள். அதை வாங்குகிறவரும் எம்மைப் போல ஒரு வீட்டைத் தாங்குகிறவர்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது ஊரில் எவ்வகை மோட்டார் சைக்கிள்கள் அதிகம்? ஒரு நாள் நின்று எண்ணி எழுதுங்கள்.
2. எமது வீடுகளில் கிடக்கும் எந்தப் பொருளை வெளிப்புறத்துக்கும், எதனை உட்புறத்துக்கும் பயன்படுத்தலாம்?
3. மேலே உள்ள கணக்கை உங்கள் ஊரில் அதிகமுள்ள வண்டியின் அளவுக்குச் செய்து பாருங்கள். ஐந்து உறைகளுக்கு எத்தனை அங்குலம் மிச்சமாகும்?
4. சேர்ந்து வாங்கும் பணத்தை யார் வைத்திருப்பது, யார் கணக்குப் பார்ப்பது? இரண்டையும் ஒருவரிடமே விடலாமா?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாதிரி அட்டையைத் தயாரித்துக்கொண்டு வரட்டும். ஐந்து துண்டுகள் ஒட்டிய அட்டையே போதும்.