பல்வலியா? வினாடிகளை எண்ணிப் பாருங்கள்

ஐஸ் மைலோ ஒரு மிடறு குடிக்கிறீர்கள். கடைவாய்ப் பல்லில் சுரீர் என்கிறது. அடுத்த முறை அப்படி நேர்ந்தால் மனத்திற்குள் எண்ணத் தொடங்குங்கள். ஓரிரு வினாடியில் வலி மறைந்தால், பல்லின் உள்ளிருக்கும் கூழ் எரிச்சல் அடைந்திருந்தாலும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சொத்தையை அகற்றிப் பல்லை அடைத்தால் போதும். 30 வினாடி கடந்தும் விண்விண்ணென்று தெறித்தால் கதை வேறு. பல் மருத்துவர்கள் அதை ‘மீளாப் பற்கூழ் அழற்சி’ என்பார்கள்.

பற்கூழ், நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான திசு. அதைச் சுற்றி டென்டின், அதற்கு மேல் உடலிலேயே மிகக் கடினமான எனாமல். வேரின் நுனியிலுள்ள நுண்ணிய துளை வழியாகத்தான் இரத்தம் உள்ளே வந்து போகிறது. கையில் அடிபட்டால் சதை வீங்க இடமிருக்கிறது. பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. சொத்தைக் கிருமிகளால் அழற்சி ஏற்படும்போது, நாற்புறமும் கல் சுவர் போன்ற அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடும். பகலில் பொறுக்க முடிந்த வலி நள்ளிரவில் எழுப்பி உட்கார வைப்பது அதனால்தான்.

முற்றிய நிலையில் ஒரு விசித்திரம் நடக்கும். குளிர் வலியைத் தூண்டுவதற்குப் பதில் அடக்கும்; சூடான தே தாரிக்தான் உயிரை எடுக்கும். குளிர்ந்த நீர்ப் போத்தலைக் கையில் பிடித்து, வாயில் நீரை ஊற்றிக்கொண்டே கிளினிக்குக்கு வரும் நோயாளியைப் பார்த்ததும் மருத்துவருக்குப் பாதி விடை தெரிந்துவிடும்.

மீதிப் பாதி, எந்தப் பல் என்பது. இது நினைப்பதைவிடக் கடினம். பற்கூழ் நரம்புகள் வலியைச் சொல்லும், முகவரியைச் சொல்லாது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வலி காதில் தெரியலாம். மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்றே குழம்பலாம். ஆகவே மருத்துவர் குளிரூட்டிய பஞ்சுத் துணுக்கை முதலில் நல்ல பல்லில் வைப்பார். “வலிக்காத பல்லை ஏன் தொடுகிறீர்கள்?” என்று கோபப்படாதீர்கள். உங்களுக்கு எது இயல்பு என்று தெரிந்தால்தான் எது இயல்பில்லை என்று சொல்ல முடியும். பல்லைத் தட்டிப் பார்ப்பது, அழற்சி வேர் நுனியைத் தாண்டிவிட்டதா என அறிய. எக்ஸ்ரே சொத்தையின் ஆழத்தைக் காட்டும். கூழின் உடல்நிலையைக் காட்டாது.

இங்கே பலர் செய்யும் தவறு, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை விழுங்குவது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இதே நோயுள்ள 40 பேரில் ஒரு பிரிவினருக்குப் பென்சிலினும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் 7 நாள் கொடுத்தார்கள். வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் காரணம் புரிகிறது. கிருமிகளின் கூடாரம் சொத்தைக் குழி. அங்கே இரத்த ஓட்டமே இல்லாதபோது மருந்து எப்படிப் போய்ச் சேரும்? வலியைத் தணிக்க பாரசிட்டமோலும் ஐபுபுரோஃபெனும் உதவும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஐபுபுரோஃபென் ஆகாது. காய்ச்சலும் இருந்து டிங்கி சந்தேகம் வந்தால் அதைத் தொடவே வேண்டாம், இரத்தக்கசிவு ஆபத்து உண்டு. கிராம்பு எண்ணெய் சற்று மரத்துப்போகச் செய்யும், அவ்வளவே. ஆஸ்பிரினை ஈறில் வைத்து அழுத்தினால் ஈறு வெந்துபோகும்.

உண்மையான மருத்துவம் பல்லைத் திறப்பதில் இருக்கிறது. வேர் சிகிச்சையில் கூழ் முழுவதையும் அகற்றி, வேர்க் குழாய்களைக் கழுவி, ரப்பர் போன்ற பொருளால் அடைப்பார்கள். கடைவாய்ப் பல்லென்றால் அதன்மேல் உறை போடுவது வழக்கம். அழற்சியுற்ற கீழ்க் கடைவாய்ப் பல் ஓர் ஊசிக்கு மரத்துப்போகாமல் அடம்பிடிக்கும். வலித்தால் கையை உயர்த்துங்கள்; கூடுதல் ஊசி போடுவது சாதாரணம்.

‘மீளா’ என்ற சொல்லே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 1965இல் ககேஹாஷியும் சக ஆய்வாளர்களும் எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டுக் கவனித்தார்கள். சாதாரண எலிகளில் கூழ் அழுகியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளிலோ, திறந்த காயத்தின் மேல் புதிய டென்டின் பாலம் கட்டியது. அதாவது கூழுக்குக் குணமாகும் திறன் உண்டு, கெடுப்பது கிருமி. இன்று சில நோயாளிகளுக்கு மேற்பகுதிக் கூழை மட்டும் வெட்டியெடுத்து, இரத்தம் சில நிமிடங்களில் நிற்கிறதா என்று பார்த்து, எம்.டி.ஏ. போன்ற சிமெண்டால் மூடி, வேருக்குள் இருக்கும் கூழை உயிரோடு காப்பாற்றுகிறார்கள். இரத்தம் நிற்காவிட்டால் அழற்சி ஆழமாகப் போய்விட்டது என்று பொருள். அப்போது வேர் சிகிச்சைதான். எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது என்றாலும், உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

சில நாள் துடித்த பல் திடீரென்று அமைதியானால் முன்பதிவை ரத்து செய்துவிடாதீர்கள். கூழ் செத்திருக்கலாம், கிருமிகள் வேர் நுனி வழியே தாடை எலும்புக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். அதன்பின் முகம் வீங்கி, காய்ச்சலுடன் வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால், பல் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.