நெருப்புக்குத் தப்பிய அழுக்கு

நெருப்பையே அணைக்கிறவர்களைக் கிருமி என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் நெருப்புக்காக வருபவை அல்ல. மாரடைப்பு, சாலை விபத்து, மூச்சுத்திணறல் என்று மருத்துவ உதவி கேட்டு வருபவை. பல ஊர்களில் ஒரு ஷிஃப்ட் 24 மணி நேரம். அதனால் சமையலும் தூக்கமும் உடற்பயிற்சியும் நிலையத்திலேயே.

நம்பிக்கை: ஆபத்தெல்லாம் வெளியே. நிலையத்துக்குத் திரும்பிவிட்டால் வீடு மாதிரி.

உண்மை: அந்த ‘வீடு மாதிரி’யில்தான் சிக்கலே. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மர்லின் ராபர்ட்ஸ் குழு, தன் மாநிலத் தீயணைப்பு நிலையங்களில் பரப்புகளைத் துடைத்துச் சோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற பாக்டீரியா மருத்துவ வண்டிகளில் அதிகம் கிடைத்தது. அது எதிர்பார்த்ததுதான். சமையலறையிலும் கிடைத்ததுதான் யோசிக்க வைக்கிறது. நோயாளியைத் தொட்ட கையுறையோடு வண்டிக் கதவைத் திறப்பார்கள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அதே கதவை வெறுங்கையால் மூடுவார்கள். அடுத்து அந்தக் கை குளிர்சாதனப் பெட்டிக்குப் போகும். இந்த வகை பாக்டீரியா காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். பரப்பில் கிருமி இருந்தாலே எல்லாருக்கும் நோய் வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் சிராய்ப்பும் வெட்டுக்காயமும் இல்லாத தீயணைப்பு வீரரைக் காண்பது அரிது.

நம்பிக்கை: கரி படிந்த ஹெல்மெட் அனுபவத்தின் அடையாளம்.

உண்மை: இந்தப் பெருமைதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல் என்பேன். லண்டனில் புகைபோக்கி துடைத்தவர்களுக்கு விதைப்பையில் வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் 1775லேயே எழுதிவிட்டார். தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்தது 2022இல்தான். மூச்சுக்கருவி போட்டிருந்தால் போதாதா என்று கேட்பார்கள். நுரையீரலுக்கு அது பெரிய காப்பு, தோலுக்கு இல்லை. கரியில் உள்ள பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் உடுப்பின் இடுக்குகள் வழியே புகுந்து, முக்கியமாகக் கழுத்தில், தோலோடு ஒட்டி உள்ளே இறங்குகின்றன. முறையாக மூச்சுக்கருவி அணிந்தவர்களின் சிறுநீரிலும் அவற்றின் தடயம் தெரிகிறது.

இதற்கான முதல் வைத்தியம் மலிவானது. இல்லினாயில் நடந்த ஓர் ஆய்வில், தீ அணைந்த இடத்திலேயே உடுப்பைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவியபோது மேல்பரப்பிலிருந்த இந்த நச்சுகளில் 85 சதவீதம் போனது. வெறும் பிரஷ்ஷால் தட்டினால் 23 சதவீதம்தான். கழுத்தை ஈரத்துணித் துடைப்பானால் துடைத்தாலே பாதிக்கு மேல் குறைந்தது. ஸ்வீடனின் ஷெல்லெஃப்தியோ நகரத் தீயணைப்பு வீரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அழுக்கு உடுப்பை அங்கேயே பையில் போட்டுக் காற்றுப்புகாமல் கட்டிவிடுகிறார்கள். வண்டியில் ஆட்கள் உட்காரும் பகுதிக்குள் அது வரவே கூடாது.

நம்பிக்கை: கிருமிநாசினி அடித்தால் எல்லாம் சுத்தம்.

உண்மை: கரிக்குக் கிருமிநாசினி பதிலல்ல. கிருமிக்கும் முதலில் அழுக்கைக் கழுவ வேண்டும், பிறகு மருந்து. அதுவும் லேபிளில் சொன்ன நேரம் வரை பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்துவிடுவது வீண் செலவு. உடுப்பில் மட்டும் குளோரின் பிளீச் கூடவே கூடாது. தீயைத் தாங்கும் அராமிட் இழைகளையே அது அரித்துவிடும்.

நம்பிக்கை: காய்ந்த ரத்தக் கறையால் ஒன்றும் ஆகாது.

உண்மை: ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். தடுப்பூசி இருக்கிறது. ரத்தத்தோடு புழங்கும் ஊழியருக்கு அதை முதலாளி தன் செலவில் போட முன்வர வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1991இல் விதி போட்டது. ஆனால் அந்த விதி நகராட்சி ஊழியர்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. மாநிலம் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தால்தான் அங்குள்ள தீயணைப்பு வீரருக்கு அது உரிமை. ஊதியமில்லாத் தொண்டர்களாகவே தீயணைக்கப் போகிறவர்கள் அந்நாட்டில் பெரும்பான்மை. ஊழியர் என்ற கணக்கில் வராதபோது அவர்கள் நிலை இன்னும் மோசம்.